இவங்கதான் முதல்ல வந்தவங்களாம்மா?

வாசகர் கேள்வி:

நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். மகள் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். போன நவம்பரில் பள்ளியில் கருப்புக் காகிதத்தில் மஞ்சள் பக்கிள் ஒட்டிய தொப்பி செய்து, தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். “மேஃபிளவர் கப்பல்ல வந்தவங்கதான் இந்த நாட்டுக்கு முதல்ல வந்தவங்களாம்மா?” என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. கோடை விடுமுறையில் வர்ஜீனியாவில் ஒரு பழைய வீட்டைச் சுற்றிப் பார்த்தோம். அந்தக் காலத்தவர் குள்ளமானவர்கள், அதனால்தான் கட்டில் குட்டை என்றும், சுவர் அலமாரிக்குக்கூட வரி இருந்தது என்றும் வழிகாட்டி சொன்னார். மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலம் ஊரில் சூனியக்காரிகள் என்று பல பெண்களை உயிரோடு எரித்தார்கள் என்கிறார் என் கணவர். தேயிலை வரியை ஏற்றியதால்தான் பாஸ்டனில் கலகம் வந்தது என்று நான் ஊரில் படித்த ஞாபகம். இப்போது அவளுக்குக் காலனிக் கால அமெரிக்கா பற்றி ஒரு புராஜெக்ட். இதில் எது உண்மை? டீச்சர் சொன்னதை நான் மறுத்தால் குழந்தை குழம்பிவிடாதா? “நம்மள மாதிரி யாராச்சும் அப்போ இங்க இருந்தாங்களா?” என்று வேறு கேட்கிறாள்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகளின் முதல் கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். இல்லை, அவர்கள் முதலில் வந்தவர்கள் இல்லை. ஆனால் அந்த வரியோடு நிறுத்திவிடாதீர்கள். உண்மைக் கதை காகிதத் தொப்பிக் கதையைவிடப் பல மடங்கு சுவையானது.

ஆங்கிலக் குடியேறிகளோடு மேஃபிளவர் கப்பல் இன்றைய மாசசூசெட்ஸுக்கு வந்தது 1620ல். அதற்கு 13 ஆண்டுகள் முன்பே, 1607ல், ஆங்கிலேயர்கள் வர்ஜீனியாவில் ஜேம்ஸ்டவுனை அமைத்துவிட்டார்கள். ஸ்பெயின்காரர்கள் ஃபுளோரிடாவில் செயின்ட் அகஸ்டின் ஊரை 1565லேயே உண்டாக்கினார்கள். அந்த ஊரில் இன்றுவரை மக்கள் வாழ்கிறார்கள். நீங்கள் இருக்கும் நியூ ஜெர்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே டச்சுக்காரர்களும் ஸ்வீடன்காரர்களும் குடியேறிய பிறகு, 1664ல் இங்கிலாந்து அந்தப் பகுதியைப் பிடித்து இந்தப் பெயரை வைத்தது. ஹேக்கன்சாக், பசேயிக், ராரிட்டன் என்று தினமும் சாலைப் பலகைகளில் பார்க்கிறீர்களே, அவையெல்லாம் ஐரோப்பியர் யாரும் வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அங்கு வாழ்ந்த லெனாபே மக்களின் மொழியிலிருந்து வந்த பெயர்கள்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். தமிழில் ‘செவ்விந்தியர்’ என்று எழுதிப் பழகிவிட்டோம். இந்தியாவுக்கு வந்துவிட்டோம் என்று கொலம்பஸ் நினைத்த தவறும், தோலின் நிறத்தை வைத்து ஒட்டிய அடைமொழியும் சேர்ந்த சொல் அது. மகளிடம் பேசும்போது அந்தந்த மக்களின் பெயரையே சொல்லுங்கள். லெனாபே, வாம்பனோவாக், பீக்வாட் என்று குழந்தைகள் சுலபமாகப் பிடித்துக்கொள்வார்கள்.

சரி, ‘முதலில் வந்தவர்கள்’ என்பது எவ்வளவு தவறு என்று காட்ட ஒரு காட்சி போதும். 1621 மார்ச் மாதம். மேஃபிளவரில் வந்த 102 பேரில் ஏறக்குறைய பாதிப் பேரைக் குளிருக்கும் நோய்க்கும் பறிகொடுத்துவிட்டு மற்றவர்கள் பிளிமத் என்ற தங்கள் புதிய குடியிருப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். சமோசெட் என்ற பூர்வகுடி மனிதர் தன்னந்தனியாக ஊருக்குள் நடந்து வருகிறார். வந்தவர் ஆங்கிலத்தில் வரவேற்கிறார்! வடக்கே மெயின் என்ற பகுதியின் கடற்கரைக்கு மீன் பிடிக்க வந்துபோன ஆங்கிலேயர்களிடம் அவர் கற்ற மொழி அது. சில நாள் கழித்து இன்னொருவர் வருகிறார். அவர் இன்னும் நன்றாக ஆங்கிலம் பேசுகிறார். பெயர் திஸ்குவாண்டம். ‘ஸ்குவாண்டோ’ என்று பள்ளிப் பாடத்தில் வருபவர் இவர்தான். பாடத்தில் அவர் சோளம் நடக் கற்றுக்கொடுத்த நல்ல மனிதராக மட்டும் வருவார். அவருக்கு ஆங்கிலம் எப்படித் தெரிந்தது என்று கேட்டால்தான் முழுக் கதையும் வெளியே வரும்.

1614ல் தாமஸ் ஹண்ட் என்ற ஆங்கிலக் கப்பல் தலைவன் அவரையும் இன்னும் பலரையும் ஏமாற்றிக் கப்பலில் ஏற்றி, ஸ்பெயினில் மாலகா துறைமுகத்தில் விற்கக் கொண்டுபோனான். அங்கிருந்து எப்படியோ தப்பி லண்டன் போய், நியூஃபவுண்ட்லாந்து வழியாக 1619ல் அவர் ஊர் திரும்பினார். ஊரில் ஒருவர்கூட இல்லை. 1616 முதல் 1619 வரை அந்தக் கடற்கரையில் பரவிய கொள்ளைநோய், பட்டுக்ஸெட் என்ற அவருடைய ஊரை அடியோடு அழித்துவிட்டது. மேஃபிளவர்காரர்கள் ‘காலி நிலம்’ என்று நினைத்து வீடு கட்டியது அந்த ஊரின் மேல்தான். காடாக இருந்த இடத்தைத் திருத்தினார்கள் என்று படிக்கிறோம். மரம் வெட்டி, நிலம் திருத்தி, சோளம் விளைத்துக்கொண்டிருந்த ஊர் அது. செத்துப்போன தன் ஊரில், புதிதாக வந்தவர்களுக்குத் துபாஷியாக அந்த மனிதர் வாழ்ந்தார். 30 ஆண்டுகள் இந்தப் பாடத்தை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். இந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நிறுத்தித்தான் தொடர முடிந்தது.

இனி அந்தத் தொப்பிக்கு வருவோம். வரலாற்றுத் துறையில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு கதையைக் கேட்டால், ‘இதை முதலில் சொன்னது யார், எப்போது?’ என்றுதான் முதலில் தேடுவோம். அப்படித் தேடினால் பக்கிள் தொப்பியும் முழுக் கருப்பு உடையும் பின்னாளில், முக்கியமாக 19ம் நூற்றாண்டுப் படங்களில், நிலைத்துப்போனவை என்று தெரிகிறது. பிளிமத்தின் ஆளுநராக இருந்த வில்லியம் பிராட்ஃபோர்ட் இறந்தபோது எழுதிய உடைமைப் பட்டியலில் சிவப்பு மேலங்கியும் ஊதா நிறப் போர்வை அங்கியும் இருக்கின்றன. அவர்கள் கால் வைத்த பாறை என்று பிளிமத்தில் இன்று கூண்டு கட்டிக் காட்டுகிறார்களே, அந்தப் பாறையைப் பற்றி வந்தவர்கள் யாரும் ஒரு வரிகூட எழுதவில்லை. 1741ல், அதாவது 121 ஆண்டுகள் கழித்து, தொண்ணூறு வயது தாண்டிய ஒரு முதியவர் ‘இதுதான் அந்தப் பாறை’ என்று சொன்னதில் தொடங்கிய கதை அது. அவர்கள் முதலில் கரை இறங்கியதும் பிளிமத்தில் இல்லை. கேப் காட் முனையில், இன்றைய பிராவின்ஸ்டவுனில்.

நவம்பரில் கொண்டாடும் நன்றி நவிலல் (தேங்க்ஸ்கிவிங்) விருந்தும் இப்படித்தான். 1621 இலையுதிர் காலத்தில் அறுவடை முடிந்து ஒரு கொண்டாட்டம் நடந்தது உண்மை. மேஃபிளவரில் வந்த எட்வர்ட் வின்ஸ்லோ அந்த டிசம்பரில் எழுதிய கடிதத்தில் அதற்கு ஒரே ஒரு பத்தி ஒதுக்கியிருக்கிறார். அந்தப் பகுதியில் வாழ்ந்த வாம்பனோவாக் மக்களின் தலைவர் ஊஸமெக்குவின் சுமார் 90 ஆண்களோடு வந்தார், மூன்று நாள் விருந்து நடந்தது, அவர்கள் ஐந்து மான்களை வேட்டையாடிக் கொண்டுவந்தார்கள். அவ்வளவுதான். அவர்களை விருந்துக்கு அழைத்ததாகவும் அதில் இல்லை, ‘நன்றி நவிலல்’ என்ற பெயரும் இல்லை. 1841ல் அந்தக் கடிதத்தை மறுபதிப்பு செய்த ஒருவர் அடிக்குறிப்பில் ‘இதுவே முதல் நன்றி நவிலல்’ என்று எழுதினார். 1863ல் உள்நாட்டுப் போரின் நடுவே லிங்கன் அதைத் தேசிய நாளாக அறிவித்தபோதுகூட அந்த அறிவிப்பில் பிளிமத் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

விருந்துக்குப் பிறகு என்ன ஆனது என்பதையும் மகளுக்குச் சொல்லுங்கள். ஊஸமெக்குவின் உயிரோடு இருந்தவரை ஆங்கிலேயரோடு அவர் செய்த ஒப்பந்தம் நிலைத்தது. அவர் மகன் மெட்டாகாம் காலத்தில், 1675ல், நிலத்துக்காகப் பெரும் போர் மூண்டது. அடுத்த ஆண்டு மெட்டாகாமைக் கொன்று, தலையை பிளிமத்தில் கம்பத்தில் குத்தி வைத்தார்கள். பல ஆண்டுகள் அது அங்கேயே இருந்தது. 1970 முதல் நன்றி நவிலல் நாளன்று பூர்வகுடி மக்கள் பிளிமத்தில் கூடி அதைத் துக்க நாளாக அனுசரிக்கிறார்கள். பத்து வயதுக் குழந்தையிடம் கம்பத்துத் தலையைப் பற்றிச் சொல்லலாமா என்பது உங்கள் முடிவு. போர் நடந்ததையாவது சொல்லிவிடுங்கள்.

அந்த மக்கள் அழிந்துவிட்டார்கள் என்பது இன்னொரு தவறான எண்ணம். வாம்பனோவாக் மக்கள் இன்றும் மாசசூசெட்ஸில் இருக்கிறார்கள். அவர்கள் மொழியைப் பேச நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஆளில்லாமல் போயிருந்தது. ஜெஸ்ஸி லிட்டில் டோ பேர்ட் என்ற வாம்பனோவாக் பெண்மணி 1993ல் அதை மீட்கும் வேலையைத் தொடங்கினார். பழைய பத்திரங்களையும் 17ம் நூற்றாண்டு பைபிளையும் வைத்து இலக்கணத்தைக் கட்டியெழுப்பினார். தன் மகளை அந்த மொழி பேசும் குழந்தையாகவே வளர்த்தார். அமெரிக்க மண்ணில் முதன்முதலில் அச்சான முழு பைபிள் ஆங்கில பைபிள் இல்லை. 1663ல் ஜான் எலியட் அச்சிட்ட, அந்த மக்கள் மொழியின் பைபிள். நமக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. தரங்கம்பாடியில் சீகன்பால்கு தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட செய்தி பாஸ்டன்வரை போயிருக்கிறது. காட்டன் மேதர் என்ற பாஸ்டன் போதகர் தரங்கம்பாடிக்குக் கடிதம் எழுதி, அங்கிருந்து வந்த பதிலையும் சேர்த்து 1721ல் பாஸ்டனில் ஒரு சிறு நூலாகப் போட்டார்.

மதச் சுதந்திரம் தேடி வந்தவர்கள் என்ற கதையில் பாதிதான் உண்மை. மேஃபிளவரில் வந்தவர்களில் மதக் காரணத்துக்காக வந்தவர்கள் ஏறக்குறைய பாதிப் பேர்தான். மற்றவர்கள் பிழைப்புத் தேடி வந்தவர்கள். மதக்குழுவினரும் இங்கிலாந்திலிருந்து நேராக வந்தவர்கள் இல்லை. சுமார் 12 ஆண்டுகள் ஹாலந்தில் லைடன் நகரத்தில் இருந்தார்கள். அங்கே அவர்கள் வழிபாட்டை யாரும் தடுக்கவில்லை. பிறகு ஏன் கிளம்பினார்கள்? வேலை கடினம், வருமானம் குறைவு, மறுபடி போர் வரும் என்ற பயம். இவற்றோடு இன்னொரு காரணத்தையும் அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் டச்சுக்காரர்களாகிக்கொண்டிருந்தார்கள். தங்கள் மொழியும் ஆங்கிலேயர் என்ற பெயரும் போய்விடுமோ என்று பெற்றோருக்குக் கவலை. மகளைச் சனிக்கிழமை தமிழ் வகுப்புக்குக் கூட்டிப்போகும் உங்களைப் போன்ற பெற்றோருக்கு இதை விளக்கவே வேண்டாம்.

1630ல் பாஸ்டன் பக்கம் பெரும் கூட்டமாக வந்த பியூரிட்டன்கள், அதாவது இங்கிலாந்துத் திருச்சபையைத் தூய்மைப்படுத்த வேண்டும் என்றவர்கள், வேறு குழு. அவர்கள் தேடியது தங்கள் மதத்துக்கு மட்டுமான சுதந்திரம். மாற்றுக் கருத்து சொன்ன ரோஜர் வில்லியம்ஸை ஊரைவிட்டுத் துரத்தினார்கள். ஆன் ஹட்சின்சனையும் துரத்தினார்கள். குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த மேரி டயர் என்ற பெண்ணை 1660ல் பாஸ்டனில் தூக்கிலிட்டார்கள். கிறிஸ்துமஸ் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம் என்று 1659 முதல் 1681 வரை சட்டம் இருந்தது. இதைச் சொன்னால் உங்கள் மகள் நிச்சயம் நம்பமாட்டாள்.

உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்: 1692ல் சேலத்தில் யாரையும் எரிக்கவில்லை. 14 பெண்களையும் 5 ஆண்களையும் தூக்கிலிட்டார்கள். குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்ல மறுத்த ஜைல்ஸ் கோரி என்ற முதியவரின் மேல் கற்களை அடுக்கிக் கொன்றார்கள். குறைந்தது ஐந்து பேர் சிறையில் இறந்தார்கள். ஐரோப்பாவின் பல நாடுகளில் சூனியத்துக்குத் தண்டனை எரிப்பது. ஆங்கிலச் சட்டத்தில் தூக்கு. ஐந்தாண்டு கழித்து, அந்த நீதிபதிகளில் ஒருவரான சாமுவேல் செவால், தன் குற்றத்தை ஒப்புக்கொண்டு எழுதிய மன்னிப்பைப் போதகர் படிக்கக் கேட்டபடி, தேவாலயத்தில் எல்லோர் முன்னும் எழுந்து நின்றார்.

அப்படியானால் காலனிகளில் யாரையும் எரிக்கவே இல்லையா? எரித்தார்கள். 1741ல் நியூயார்க்கில் அடிமைகள் கலகம் செய்யச் சதி செய்ததாகச் சொல்லி 13 கருப்பின ஆண்களை உயிரோடு எரித்தார்கள், இன்னும் 17 கருப்பின ஆண்களைத் தூக்கிலிட்டார்கள். 1755ல் பாஸ்டனுக்குப் பக்கத்து கேம்பிரிட்ஜில், முதலாளிக்கு விஷம் வைத்ததாக ஃபிலிஸ் என்ற அடிமைப் பெண்ணை எரித்தார்கள். எரிக்கப்படாத சூனியக்காரிகளைப் பற்றி எல்லோருக்கும் தெரிகிறது. எரிக்கப்பட்ட இவர்களைப் பற்றி யாரும் கேட்டதில்லை. இந்தப் பாடத்தில் என்னை மிகவும் வருத்துவது இதுதான்.

அடிமை முறை தெற்கில் மட்டும் இருந்தது என்ற எண்ணம்தான் இதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். 1641லேயே அடிமை முறைக்குச் சட்டத்தில் இடம் கொடுத்தது மாசசூசெட்ஸ். 1700களின் தொடக்கத்தில் நியூயார்க் நகரத்தில் பத்தில் நான்கு வீடுகளில் அடிமைகள் இருந்தார்கள். உங்கள் நியூ ஜெர்சியில், அடிமைகளைக் கொண்டு வந்தவர்களுக்குக் கூடுதல் நிலம் தருவதாக 1664லேயே எழுதி வைத்தார்கள். வட மாநிலங்களில் கடைசியாக விடுதலைச் சட்டம் போட்டதும் நியூ ஜெர்சிதான், 1804ல். அதுவும் அந்த ஆண்டு ஜூலை 4க்குப் பிறகு பிறக்கும் குழந்தைகளுக்கு மட்டும். அந்தக் குழந்தைகளும் பெண் என்றால் 21 வயதுவரை, ஆண் என்றால் 25 வயதுவரை தாயின் முதலாளிக்கு உழைத்துத் தீர வேண்டும். 1860 கணக்கெடுப்பில்கூட நியூ ஜெர்சியில் 18 அடிமைகள் பதிவாகியிருக்கிறார்கள். ஒரு சனிக்கிழமை மகளை மன்ஹாட்டனுக்குக் கூட்டிப்போங்கள். 1991ல் அரசு அலுவலகம் கட்ட அஸ்திவாரம் தோண்டியபோது அங்கே காலனிக் காலத்து ஆப்பிரிக்கர்களின் இடுகாடு வெளிப்பட்டது. எடுத்த 419 பேரின் எலும்புகளை 2003ல் அதே இடத்தில் மரியாதையோடு மறுபடி அடக்கம் செய்தார்கள். இன்று அது தேசிய நினைவிடம். புராஜெக்டுக்கு அதைவிட நல்ல இடம் எனக்குத் தோன்றவில்லை.

தேயிலை பற்றி நீங்கள் படித்ததும் தலைகீழ். 1773 சட்டம் தேயிலை வரியை ஏற்றவில்லை. பவுண்டுக்கு மூன்று பென்ஸ் வரி ஏற்கெனவே 1767 முதல் இருந்தது. புதிய சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சலுகை கொடுத்து, தேயிலையை நேரடியாகக் காலனிகளில் விற்க விட்டது. அதனால் விலை குறைந்தது. கோபம் விலையில் இல்லை. தங்கள் பிரதிநிதி ஒருவர்கூட இல்லாத நாடாளுமன்றம் போட்ட வரியை, மலிவு விலை காட்டி ஒப்புக்கொள்ள வைக்கிறார்கள் என்பதிலும், கம்பெனி தேர்ந்தெடுத்த சிலருக்கு மட்டும் வியாபாரம் என்பதிலும்தான். அந்த ஆண்டு டிசம்பர் 16 இரவு பாஸ்டனில் கலகக்காரர்கள் கப்பல்களிலிருந்து கடலில் கொட்டிய 342 பெட்டிகளிலும் இருந்தது சீனத் தேயிலை. அசாம் தேயிலைத் தோட்டங்கள் வர இன்னும் 60 ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. இந்தியா வேறு விதத்தில் இதில் வருகிறது. 1770 வங்காளப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் மடிந்ததை அமெரிக்கக் காலனிக்காரர்கள் படித்திருந்தார்கள். அந்தக் கம்பெனியை உள்ளே விட்டால் நமக்கும் அதே கதிதான் என்று காலனி அரசியல்வாதி ஜான் டிக்கின்சன் துண்டறிக்கை எழுதினார்.

வழிகாட்டி சொன்னவற்றுக்கு அதிக நேரம் வேண்டாம். அலமாரிக்கு வரி போட்ட சட்டம் எந்தக் காலனியிலும் கிடையாது. கட்டில்கள் பெரும்பாலும் இன்றைய அளவுதான். உயரமான மூலைக் கம்பங்களும் திரைச்சீலையும் கனத்த மெத்தையும் சேர்ந்து குட்டையாகக் காட்டும். அமெரிக்கக் காலனிகளில் பிறந்த படைவீரர்களின் சராசரி உயரம் சுமார் 5 அடி 8 அங்குலம். அதே காலத்து ஆங்கிலேயரைவிட அவர்கள் உயரம்.

டீச்சர் விஷயத்துக்கு வருகிறேன். ‘உங்க டீச்சர் சொன்னது தப்பு’ என்று தொடங்காதீர்கள். ‘இதை முதல்ல யார் எழுதினாங்க, எந்த வருஷம்?’ என்று சேர்ந்து தேடலாம் என்று சொல்லுங்கள். வின்ஸ்லோவின் அந்த ஒரு பத்தி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அச்செடுத்து மகளிடம் கொடுத்து, விருந்தில் என்னென்ன இருந்தது என்று அடிக்கோடு போடச் சொல்லுங்கள். பிறகு பள்ளிக்குக் கொண்டுபோகட்டும். நான் பார்த்தவரை, மாணவர் மூலப் பத்திரத்தோடு வந்தால் பெரும்பாலான ஆசிரியர்கள் சந்தோஷப்படத்தான் செய்வார்கள். தொப்பியைத் தூக்கிப்போட வேண்டாம். புராஜெக்ட் அட்டையில் ஒட்டி, பக்கத்தில் ‘19ம் நூற்றாண்டுக் கற்பனை’ என்று அவள் கையாலேயே எழுதட்டும்.

நம்மைப் போல யாராவது இருந்தார்களா என்ற கேள்விக்குப் பதில்: இருந்தார்கள். வர்ஜீனியாவில் ஆட்களைக் கொண்டு வருபவருக்குத் தலைக்கு 50 ஏக்கர் நிலம் என்று ஒரு ஏற்பாடு இருந்தது. 1635ல் ஜார்ஜ் மெனிஃபி என்ற ஜேம்ஸ்டவுன் வியாபாரி அப்படி நிலம் கேட்டபோது, தான் கொண்டு வந்தவர்களின் பெயர்களைப் பட்டியல் போட்டார். அதில் ஒரு பெயர்: ‘டோனி, ஈஸ்ட் இண்டியன்’, அதாவது இந்தியா பக்கத்திலிருந்து வந்தவர். அடுத்த நூற்றாண்டில் வர்ஜீனியா செய்தித்தாள்களில் வந்த ‘ஓடிப்போன வேலைக்காரர்’ விளம்பரங்களிலும் கிழக்கிந்தியர் சிலர் தென்படுகிறார்கள். டோனி எந்தத் துறைமுகத்தில் கப்பல் ஏறினார், அவர் அம்மா வைத்த பெயர் என்ன, வீட்டில் என்ன மொழி பேசினார் என்பதெல்லாம் அந்தப் பதிவில் இல்லை. அவர் தலைக்கு எத்தனை ஏக்கர் என்பதற்காக எழுதிய பதிவு அது.